மூடாத மரவை

ஹோலோகாய் அண்ணன் வரப்பின் மேல் நடந்து வருவதைப் பார்த்ததுமே கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தேன். வேலைக்குப் போகிறவர் தோண்டுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார். அவர் அதை நடுவில் பிடித்து, முனையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். ஆளுயரக் கோல், கருத்துப்போன வைரம் பாய்ந்த மரம். சேம்பு வயலின் கரையைப் பிளக்கிற கோல் மண்டையைப் பிளக்காதா?

எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும். அன்று விடிகிற நேரத்தில் என் புருஷன் கேகூவா வாய்க்காலின் தலைக்குப் போய், அணையின் ஓரத்தை உடைத்து, ஹோலோகாயின் முறைத் தண்ணீரை எங்கள் வயலுக்குத் திருப்பிவிட்டு வந்திருந்தான். சும்மா ஒரு கல்லை நகர்த்தி அல்ல, ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு உடைப்பு. வந்து என்னிடம் பெருமையாக வேறு சொன்னான். "காதைக் குடுத்துக் கேளு கலேஹுவா, நம்ம வயல்ல தண்ணி சலசலங்குது" என்றான். பாவி மனுஷன், சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே வயலுக்குப் போய்விட்டான்.

எங்கள் பள்ளத்தாக்கில் தண்ணீர் திருடுவது கோழி திருடுவது மாதிரி இல்லை. முறை தப்பித் தண்ணீரைத் திருப்பினவனை, அந்த வாய்க்காலில் பங்குள்ள யார் வேண்டுமானாலும் அடித்துக் கொல்லலாம். கொன்று, அவன் உடைத்த உடைப்பில் அவன் உடம்பையே வைத்து அடைக்கலாம். பார்க்கிற அடுத்தவனுக்குப் புத்தி வரட்டும் என்று முன்னோர் வைத்த கட்டு அது. இப்போது ராஜாவின் சட்டம் வந்துவிட்டது, கொன்றவனைத் தூக்கில் போடுவார்கள், எல்லாம் சரிதான். ஆனால் சட்டம் கடலுக்கு அப்பால் ஹோனலுலுவில் இருக்கிறது. உடைப்பு இங்கே இருக்கிறது. தண்ணீர் முறை பார்க்கிற பெரியவரோ கால் வீங்கிப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நியாயம் கேட்க ஆளில்லாத ஊரில் கோல்தானே பேசும்?

ஹோலோகாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழை பொய்த்த வருஷம் அது. ஓடாத தண்ணீர் வெயிலில் சூடேறினால் சேம்பு மண்ணுக்குள்ளேயே அழுகும். மேலே இலை பச்சையாக நிற்கும்; பிடுங்கினால் கிழங்கு கையில் கூழாக வரும். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவர் வீட்டில் எட்டிப் பார்த்தால் பக்கத்துக்கு ஒரு பிள்ளை நிற்கும்.

ஓடிப்போய் கேகூவாவை எச்சரிக்க நேரமில்லை. அண்ணன் வாசலுக்கே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. "கேகூவா எங்க?" என்றார். அடுத்த வார்த்தை அவர் வாயிலிருந்து விழுவதற்குள், என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலேயே, சேம்புக் களி இருந்த மரக் கிண்ணத்தை, எங்கள் மரவையை, முன்னால் இழுத்து மூடியைத் தூக்கிவிட்டேன்.

"வாங்கண்ணே, உக்காருங்க. சாப்பிடுற நேரம்" என்றேன்.

திறந்த வாய் அப்படியே நின்றது. கோலின் முனை மெதுவாகத் தாழ்ந்தது.

சேம்பு எங்களுக்கு மூத்தவன். ஹாலோவா என்று பேர். உலகம் தோன்றின காலத்தில் பிறந்ததும் இறந்துபோன முதல் பிள்ளையைப் புதைத்த இடத்தில் சேம்பாக முளைத்தவன். அவனுக்குப் பின்னால் பிறந்தவன்தான் மனுஷன். களி மரவையைத் திறந்தால் மூத்தவன் வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டான் என்று கணக்கு. அவன் முன்னால் குரல் உயர்த்தக் கூடாது, வழக்குப் பேசக் கூடாது, ஒருத்தனைப் பார்த்து ஒரு கடுஞ்சொல் விடக் கூடாது. மூடி விழுகிறவரை எல்லாருக்கும் வாய்க்கட்டு. பரம எதிரியாக இருந்தாலும் சிரித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

ஹோலோகாய் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். கோலைக் கை எட்டுகிற இடத்தில், தொடையை ஒட்டி வைத்துக்கொண்டார்.

"எங்க அவன்?" என்றார் மறுபடி, இந்தத் தடவை தேன் தடவின குரலில்.

"வயலுக்குத்தான் போயிருக்காரு. வந்துருவாரு."

"வரட்டும், வரட்டும். எனக்கென்ன அவசரம்? நான் சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

ஒரு விரலை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி வாயில் வைத்தார். "களி நல்ல கெட்டி. ஒரு விரல்லயே வருது. தண்ணியே விடாம பிசைஞ்சியா தங்கச்சி? உங்க வீட்டுலதான் இப்போ தண்ணிக்குப் பஞ்சமில்லையே" என்றார். சிரித்தார்.

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. கருவாட்டைப் பற்றிப் பேசினேன், கடற்பாசி இந்த வருஷம் கசக்கிறது என்றேன், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட கதையை இரண்டு தரம் சொன்னேன். பேசிக்கொண்டே கண்ணால் மரவையை அளந்தேன். இவ்வளவுதான் களி. வீட்டில் வேறு வெந்த கிழங்கு ஒரு துண்டு கிடையாது. இது தீர்ந்தால் மூடி. மூடி விழுந்தால் கோல். நினைத்துப் பார்த்ததுமே செம்பை எடுத்துத் தண்ணீரை ஊற்றிக் களியைக் கரைத்தேன். ஒரு விரலில் வந்த களி மூன்று விரலுக்கு இளகியது. இனி ஒரு வாய் அள்ள நேரம் பிடிக்கும்.

"அடடே, தண்ணி தாராளமா விடுறியே" என்றார் அவர்.

விசில் சத்தம் கேட்டது. கேகூவா முழங்கால் வரை சேறோடு, தோளில் சேம்பிலைக் கட்டோடு வந்து நின்றான். அவன் நல்லவன்தான், ஆனால் நாக்கு நீளம். "என் தண்ணி, என் இஷ்டம்" என்று ஒரு வார்த்தை விட்டான் என்றால் மூத்தவனுக்கே அவமானம். அப்புறம் மரவை என்ன, மரவையைச் செய்தவனே வந்தாலும் காப்பாற்ற முடியாது.

"வாய்யா, அண்ணன் வந்திருக்காரு. மரவை *திறந்திருக்கு*, பாத்தியா? திறந்திருக்கு. கையைக் கழுவிட்டு உக்காரு" என்றேன். அவன் கோலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். விசில் நின்றது. வந்து உட்கார்ந்தான்.

"வாங்க மச்சான்" என்றான், குரல் உள்ளே போய்.

"வந்து நாழியாச்சு மாப்பிள்ளை. கால்ல என்ன அவ்வளவு சேறு?"

"வயல்ல கொஞ்சம் வேலை."

"இருக்கும், இருக்கும். என் வயல்லல்லாம் இப்போ சேறே ஒட்டாது. செருப்பில்லாம நடந்தா கால் சுடுது."

கேகூவாவின் காது சிவந்தது. கோபத்திலா வெட்கத்திலா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் அவன் முழங்காலை என் முழங்காலால் இடித்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். நானும் கேகூவாவும் விரல் நுனியை நனைத்து எடுத்தோம், அவ்வளவுதான். ஹோலோகாய் பசித்த மனுஷன். வேண்டுமென்று வேகமாகத் தின்னவில்லை, அவருக்கு நிஜமாகவே பசி. நான் அதைப் பார்த்தேன். பார்த்தபோது அவர்மேல் பயமும் பாவமும் ஒன்றாக வந்தன. மரவையின் அடி தெரிய ஆரம்பித்தது.

"ஓரத்தை வழிச்சிரு தங்கச்சி" என்றார். "காய விட்டா நல்லாயிருக்காது."

அது முறை. சாப்பிட்டு முடிந்தால் மரவையின் ஓரத்தை வழித்துச் சுத்தம் செய்ய வேண்டும், அசிங்கமாக விடக்கூடாது. வழித்தேன். மாவரைக்கிறவளைப் போல வழித்ததையே திரும்பத் திரும்ப வழித்தேன்.

"போதும்மா. மரம் தேய்ஞ்சிரப் போகுது" என்றவர், கையை நீட்டி என் பக்கத்திலிருந்த மூடியை எடுத்துக்கொண்டார். அதன் மேலிருந்த தூசியை உள்ளங்கையால் நிதானமாகத் துடைத்தார். கேகூவா அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் வாய்க்கட்டை உடைத்தவள் நானாகிவிடுவேன். நான் திறந்த மரவை என் வாயையே அடைத்துவிட்டது.

அப்போதுதான் நோஹேயா அண்ணி வந்தாள், ஹோலோகாயின் பெண்டாட்டி. ஓடி வந்திருக்கிறாள், மூச்சு இரைத்தது, முடி அவிழ்ந்து கிடந்தது. இடுப்பில் ஒரு சுரைக்குடுக்கை. கோலைப் பார்த்தாள், என் புருஷன் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், மூடி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாள். வந்து குடுக்கையைக் கவிழ்த்து அதிலிருந்த களி முழுவதையும் எங்கள் மரவையில் கொட்டினாள்.

"என்ன இது?" என்றார் ஹோலோகாய்.

"களி. நீங்க இங்க சாப்பிடுறீங்கன்னு நம்ம பையன் பாத்துட்டு வந்து சொன்னான். நல்லா வயிறு நிறையச் சாப்பிடுங்க" என்றாள், முகம் முழுக்கச் சிரிப்போடு. "தூக்குல தொங்கப்போற ஆளுக்கு அங்க யாரு களி குடுப்பா?"

"இது பிள்ளைங்களுக்கு வச்சது."

"ஆமா. அதுக்கென்ன? அப்பன் இல்லாம இருக்கப் பழகணும்ல, முதல்ல பசிக்குப் பழகட்டும்" என்றாள், தாலாட்டுப் பாடுகிற குரலில். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது, உதடு சிரித்துக்கொண்டே இருந்தது. நானும் சிரித்தேன். என்ன செய்ய, மரவை திறந்திருந்ததே. அப்படி ஒரு சிரிப்பை என் ஆயுளில் நான் சிரித்ததில்லை.

ஹோலோகாய் களியைத் தொடவில்லை. தன் பிள்ளைகளின் சோற்றில் எந்த அப்பன் கை வைப்பான்? கேகூவாதான் விரலை விட்டான். அவனுக்கு எப்போதும் ஆராயாத அவசரம். எடுத்து வாயில் வைத்தவன் அசையாமல் உட்கார்ந்துவிட்டான். எனக்கு இருந்த இடத்திலேயே வாசனை அடித்தது. அழுகின கிழங்கில் கெட்டதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் மீதியை இடித்த களி. சாம்பல் நிறத்தில், நார் நாராக இருந்தது. எவ்வளவு வெட்டி எறிந்தாலும் அந்தக் கசப்பு போகாது.

அவன் அதைத் துப்பவில்லை. விழுங்கினான். தொண்டை ஏறி இறங்கினதை நான் பார்த்தேன்.

"மச்சான்" என்றான். "நான் உடைப்புக்குப் போறேன். நீங்க கோலை எடுத்துக்கிட்டு வாங்க."

சொல்லிவிட்டு எழுந்து போனான். முன்னால் அவன், வெறுங்கையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு. ஹோலோகாய் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தார். பிறகு கோலை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். ஒரு கையில் கோல், இன்னொரு கையில் எங்கள் மரவையின் மூடி. அதை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற நினைவுகூட அவருக்கு இல்லை.

போகாதேய்யா என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும், காலைக் கட்டிக்கொள்ள வேண்டும். எழுந்திருக்கப் பார்த்தேன், மரவை திறந்திருந்தது. நோஹேயா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். எனக்குப் புருஷன் போய்விடுவான் என்ற பயம், அவளுக்குப் புருஷன் கொலைகாரனாகிவிடுவான் என்ற பயம். நடுவில் அந்தச் சாம்பல் களி. எங்களால் ஒருத்தியை ஒருத்தி திட்டக்கூட முடியாது.

மேலே அணைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. தொப். கொஞ்சம் பொறுத்து மறுபடி, தொப். கோல் விழுகிற சத்தம். மண்ணில் விழுகிறதா, மனுஷன் மேல் விழுகிறதா? ஈர மண்ணும் உடம்பும் அடித்தால் ஒரே சத்தம்தான் கொடுக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. "கடவுளே, மண்ணு, மண்ணு, மண்ணு" என்று நோஹேயா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு எங்கள் வயலில் தண்ணீர் ஓடுகிற சலசலப்பு மெலிந்தது. சொட்டுச் சொட்டாக ஆனது. நின்றுவிட்டது.

உடைப்பு அடைபட்டுவிட்டது. எதை வைத்து அடைத்தார்கள்? நான் நோஹேயாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள். அந்த அமைதியில் ஒரு ஈ மரவையின் மேல் வந்து உட்கார்ந்தது. அதை ஓட்டக்கூட எங்களுக்குக் கை எழவில்லை.

"அட குருட்டுப் பயலே! புல்கட்டியத் தலைகீழாவா வைப்ப?"

ஹோலோகாயின் குரல். பள்ளத்தாக்கே அதிர்கிற மாதிரி.

"உங்கப்பன் உனக்கு அணை கட்டக் கத்துக் குடுத்தானா, இல்ல உடைக்க மட்டும்தான் கத்துக் குடுத்தானா? திருட்டு நாயே! எம்பிள்ளைங்க வாயில மண்ணைப் போட்டவனே!"

ஒரு நொடி ஒன்றுமில்லை.

"திட்டு! எவ்வளவு வேணா திட்டு! எங்கப்பனை மட்டும் இழுக்காத!" என்று என் கேகூவாவின் குரல், உடைந்து, அழுதுகொண்டே, ஆனால் அவன் குரல்தான், அந்த நீளமான நாக்கேதான். "கல்லைப் பிடி மச்சான்! உன் தொப்பைய நகத்து முதல்ல, மண்ணு விழ மாட்டேங்குது!"

"தொப்பையா? சோத்துக்கு வழியில்லாம பண்ணிட்டுத் தொப்பைங்கறியாடா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். அழுதேனா சிரித்தேனா தெரியாது. நோஹேயாதான் முதலில் சுதாரித்தாள்.

"அடியே, மரவை திறந்து கிடக்குடி! அவனுங்க இந்த ஏச்சு ஏசறானுங்க, மூடுடி!"

மூடி ஏது? மூடி மேலே அணையில் அவர்களோடு இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து, நாலு உள்ளங்கையையும் பரப்பி, அந்தக் களியின் மேல் வெளிச்சம் படாமல் மரவையை மூடிக்கொண்டோம். அவர்கள் ஆசை தீருமட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.