அடைக்கலத்தின் போன்

காலை ஏழு மணிக்கே பெஞ்சு நிரம்பிவிட்டது. பாதிப் பேர் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள். மற்றவர்கள் முந்தைய நாள் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்கள். ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கம் இருந்த அந்தச் சின்ன லேபில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். எட்டு வருடமாக அதில் ரிப்போர்ட் அடிப்பவள் யமுனா.

"எட்டரைக்கு டாக்டரப் பாக்கணும்மா. சீக்கிரம் குடுத்தா தேவல," என்றார் ஒரு பெரியவர்.

அவருடைய பெயரைத் தேடினாள். பெயர் இருந்தது. ஆனால் அதன் வாலில் அர்த்தமில்லாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. கிளிக் செய்தால் திறக்கவில்லை. அதற்கு மேலே இருந்த பெயர், கீழே இருந்த பெயர், போன வருடத்து ஃபோல்டர், அதற்கு முந்தைய வருடம், எல்லாவற்றுக்கும் அதே வால். ஒவ்வொரு ஃபோல்டரிலும் புதிதாக ஓர் ஆங்கிலக் குறிப்பு கிடந்தது. உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் கட்டுங்கள் என்றது.

யமுனாவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, மகள் கனிஷ்காவின் பென்டிரைவை இதே கம்ப்யூட்டரில் சொருகியிருந்தாள். ஸ்கூல் புராஜெக்ட், பன்னிரண்டு பக்கம். பென்டிரைவுக்குள் ஃபோல்டருக்குப் பதிலாக அம்புக்குறி போட்ட ஷார்ட்கட் ஒன்றுதான் தெரிந்தது. அதைக் கிளிக் செய்ததும் கறுப்பாக ஒரு சின்னக் கட்டம் திரையில் தோன்றி மறைந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். லேப் பேப்பரில் பன்னிரண்டு பக்கத்தையும் கலரில் எடுத்து, பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஓனர் சிவராமன் வந்து திரையைப் பார்த்தார். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் இம்தியாஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மொதல்ல நெட் ஒயரப் புடுங்குங்க சார். அதுல போட்டிருக்கற மெயிலுக்குப் பதில் எதுவும் அனுப்பாதீங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் தொட வேணாம். வெளியிலேருந்து பென்டிரைவ் கின்டிரைவ் எதாச்சும் சொருகுனீங்களா?"

யமுனா ஒயரைப் பிடுங்கினாள். சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தாள். அதற்குள் சிவராமனின் கண், கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் தொங்கிய வெள்ளை ஒயரில் விழுந்துவிட்டது. அதன் நுனியில் ஒரு பழைய போன் இருந்தது.

"இது யாருது?"

"என்னுதுங்க," என்றார் துடைப்பத்தோடு நின்ற அடைக்கலம். வையம்பட்டிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருபவர். லேபைக் கூட்டித் துடைத்துவிட்டு, உறையூர் கிளினிக்குகளுக்குப் போய் ரத்தம் எடுத்த குழாய்களை ஐஸ் பெட்டியில் வாங்கி வருவது அவர் வேலை. "பிளக்குல ஃபிரிட்ஜ் ஓடுதுங்க. அதான் இதுல சார்ஜ் போட்டேன்."

"எத்தனை நாளா போடுற?"

"ரொம்ப நாளாங்க."

சிவராமன் போனைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தார். இத்தனை வருஷ ரிப்போர்ட்டும் போச்சு என்று கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஐம்பத்தாறு வயது அடைக்கலம் யமுனாவின் பக்கம் திரும்பினார். அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவள் அவள்தான்.

"இதனாலயாம்மா?"

"தெரியலண்ணே," என்றாள் யமுனா.

"தெரியாமப் பண்ணிட்டேங்க," என்று அவர் சிவராமனைக் கும்பிட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் கும்பிட்ட கை இறங்கவில்லை. போவதற்கு முன், பாதியில் விட்டிருந்த மூலையைக் கூட்டி முடித்துவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் யமுனா டெக்னீஷியனின் நோட்டைப் பார்த்து ரிப்போர்ட்டுகளைப் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். சாயங்காலம் வீட்டில் கனிஷ்கா புராஜெக்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "மிஸ் வெரி குட் போட்டிருக்காங்கம்மா."

"கை ஈரமா இருக்குடி," என்று சொல்லிவிட்டு யமுனா அடுப்படிக்குள் போனாள்.

மறுநாள் மதியம் இம்தியாஸ் வந்தான். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தான்.

"சார், போன் சார்ஜ் போட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பில் போடற சாப்ட்வேர லைசென்ஸ் வாங்காம ஓட்டறதுக்கு எங்கேருந்தோ ஒண்ணு டவுன்லோட் பண்ணியிருக்கீங்க. அதோட வந்திருக்கு. அத ஏத்தறதுக்காக ஆன்டிவைரஸையும் ஆஃப் பண்ணியிருக்கு. ஞாயித்துக்கிழமை, பதினொன்னே காலுக்கு. உள்ள பதுங்கிக் கெடந்துட்டு முந்தாநேத்து ராத்திரிதான் எல்லாத்தையும் பூட்டியிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை லேப் திறப்பதில்லை. சாவி சிவராமனிடம் மட்டும்தான் இருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிப்பா, ஆனது ஆச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுக் குடு. வெளியில சொல்லிட்டிருக்காத."

தான் காரணமில்லை என்று தெரிந்ததும் யமுனாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அது வந்ததை நினைத்து அவளுக்கே கூசியது.

"சார், அப்ப அடைக்கலம் அண்ணன..."

"அந்த வேலைக்கு வேற ஆள் சொல்லியாச்சும்மா. நீ நோட்டப் பாத்துப் பழசையெல்லாம் திரும்ப அடிக்கிற வழியப் பாரு."

சிவராமன் உள்ளே போனதும் இம்தியாஸ் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒரு ஷார்ட்கட் வைரஸும் இருந்துச்சு. திங்கக்கிழமை ஸ்கூல் புராஜெக்ட் பிரிண்ட் எடுத்தப்ப பென்டிரைவுல வந்தது. அது வேற, இது வேற. சார்கிட்ட சொல்லல. வீட்டுப் பென்டிரைவக் கொண்டாங்க, சுத்தம் பண்ணித் தரேன்."

திரையைப் பார்த்தபடியேதான் சொன்னான். அவன் தன் முகத்தைப் பார்க்காமல் இருந்தது அவளுக்குத் தாங்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு அடைக்கலத்துக்குப் போன் செய்தாள். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் செய்யவில்லை.

அடுத்த வாரம் அவரே வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயிலில் நின்று கையை ஆட்டினார். யமுனா எழுந்து போனாள். அவர் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பால் கவரைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் போனைப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கியிருந்தார்.

"அன்னிலேருந்து இத ஆன் பண்ணவே இல்லம்மா. டெய்லர் கடையில சார்ஜ் போடலாம்னு போனேன், அவங்க பொருளும் கெட்டுப்போச்சுன்னா என்ன பண்றதுன்னு திரும்பிட்டேன். மருமவன் போனுக்குப் பக்கத்துலகூட வைக்கறதில்ல. வேலைக்குச் சொல்லி வெச்ச எடத்துலேருந்தெல்லாம் இதுலதாம்மா கூப்புடணும். இதுல இருக்கறத எடுத்துவிட முடியுமா?"

"இதுல ஒண்ணும் இல்லண்ணே."

"நீங்க இன்னும் பாக்கவே இல்லியேம்மா."

"அது உங்களால இல்லண்ணே. அன்னிக்கே நான்..."

"யமுனா, யாரு அங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வந்த சிவராமன் கதவைத் திறந்தார்.

அடைக்கலம் பொட்டலத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். திறந்திருந்த கதவைப் பார்த்தபடியே இரண்டு படி இறங்கி, உள்ளே எதுவும் போய்விடாத தூரத்தில் நின்றுகொண்டார்.