தேர் திரும்பும் முனை

ஊர்ப் பெயர் வேண்டாம். மரக்காணத்துக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் நடுவில், ஒரு பக்கம் உப்பளமும் மறுபக்கம் ஈசிஆர் ரோடுமாக ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் மாதா கோயிலில் ஒரு வாசகர் வட்டம் உண்டு. மாசத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கூடுவார்கள். போன வருஷம் வரை புனிதர் வரலாறுகள்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்துத் தூங்கிவிடுவார்கள். பொறுப்பு சில்வியா கைக்கு வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினாள். இந்த வருஷம் அமெரிக்கக் கறுப்பின மக்கள் எழுதி, தமிழில் வந்திருக்கிற ஐந்து புத்தகங்களை எல்லாரும் படிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. சில்வியா திண்டிவனத்தில் இங்கிலீஷ் டீச்சர். காலேஜில் அப்படி ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தவள்.

நமக்கெதுக்கு அமெரிக்கா என்று சிலர் முனகத்தான் செய்தார்கள். அவர்கள் வாயை அடைத்தவர் அவளுடைய மாமனார் சேவியர்ராஜ். உப்பளம் வைத்திருக்கிறவர், திருவிழாக் கமிட்டித் தலைவர். மருமகள் பேச்சு எடுபடாமல் போகக்கூடாதே என்று படிக்க ஆரம்பித்தவர், அப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. உப்பளத்து மோட்டார் ஷெட்டில் உட்கார்ந்து, லாரி வரும்வரை படிப்பார். படித்தால் அழுவார். லேசாகக் கண் கலங்குவதெல்லாம் இல்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி, தோளில் கிடக்கிற துண்டு நனையும் அழுகை. "இவனுங்கல்லாம் மனுஷனுங்களாம்மா?" என்று காலையில் இட்லியோடு சேர்த்து அமெரிக்க வெள்ளைக்காரர்களையும் பிய்த்துப் போடுவார். அவ்வளவு நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களோடுதான் ரோதனையே.

ரோதனை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாதா திருவிழா அன்று சாயங்காலம், தேரைத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றி வருவார்கள். எல்லாத் தெருவுக்கும் தேர் போகும். காலனித் தெரு முனைக்கு வந்ததும் நின்றுவிடும். உப்பு வாருகிற ஜனங்கள் இருக்கும் தெரு அது. அவர்கள் மாலையும் மெழுகுத்திரியுமாக முனைக்கு வந்து கும்பிட்டுக்கொள்ள வேண்டும், தேர் திரும்பிவிடும். கேட்டால், அந்தத் தெருவில் கரண்டு ஒயர் தாழ இருக்கிறது என்பார்கள். அதே ஒயருக்குக் கீழேதான் சேவியர்ராஜின் லாரி, தேரைவிட உயரமாக உப்பு மூட்டை அடுக்கிக்கொண்டு தினமும் போய்வருகிறது. சாதிதான் காரணம். ஞானஸ்நானம் வாங்கினவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதனால் ஒயர்.

லூர்துமேரி அந்தத் தெருக்காரி, அங்கன்வாடி டீச்சர். சில்வியாவுக்கு உயிர்ச் சிநேகிதி. காலனியிலிருந்து வட்டத்துக்கு வருகிற ஒரே ஆளும் அவள்தான். நாலாவது புத்தகம் ஒரு நாவல். அதில் வரும் ஊரில் வருஷா வருஷம் பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போகும். கறுப்பர் குடியிருப்புக்குப் போகும் பாலத்தருகே வந்ததும் திரும்பிவிடும். பாலம் பாரம் தாங்காது என்பார்கள், பருத்தி வண்டி மட்டும் அதே பாலத்தில் போய்வரும். கறுப்பு ஜனங்கள் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் ஒருத்தர்கூட வரவில்லை. பேண்டு வெறும் பாலத்தைப் பார்த்து வாசித்துவிட்டுப் போகிறது.

அந்த இடத்தைப் பற்றிப் பேசும்போதே சேவியர்ராஜ், எப்படித் துடிச்சிருப்பாங்க என்று துண்டை எடுத்தார். லூர்துமேரி எழுந்தாள்.

"எனக்கு இது கதை மாதிரியே இல்லைங்க. அடுத்த மாசம் நம்ம ஊர்லயே நடக்கும்."

துண்டு பாதி வழியில் நின்றது. அது வேறம்மா, இது ஒயர் பிரச்சினை என்றார் சேவியர்ராஜ். அவள் மல்லுக்கு நிற்கவில்லை. படித்து முடித்துவிட்டுத் தருகிறேன் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். அது காலனியில் வீடு வீடாகப் போயிற்று. திரும்பி வந்தபோது அட்டையெல்லாம் உப்புக் கை பட்டுப் பூத்துப்போயிருந்தது.

சில்வியாவுக்கு மனசே சரியில்லை. இந்த வருஷமும் தேர் அந்தத் தெருவுக்குள் போகாவிட்டால் லூர்துமேரி முகத்தில் எப்படி முழிப்பது? தான் ஒட்டிய தாளுக்குத்தான் என்ன அர்த்தம்? ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில், உங்க லாரி அதே ஒயருக்குக் கீழதானே போவுது மாமா என்று கேட்டேவிட்டாள். தேர் தூக்குகிறவர்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவன் அவள் புருஷன் விக்டர். அவன் குழம்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"லாரி வேற, மாதா வேற," என்றார் சேவியர்ராஜ். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு மாமனாரும் மருமகளும் காபி வேணுமா, வேணாம் என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

திருவிழா வந்தது. வேட்டும் பேண்டுமாகத் தேர் கிளம்பி, தெருத்தெருவாக வந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காலனி முனையை அடைந்தது. தோளிலிருந்து இறக்கி, தாங்குகட்டை கொடுத்து நிறுத்தினார்கள். சேவியர்ராஜ் மைக்கைப் பிடித்து, காணிக்கை செலுத்துறவங்க வரிசையா வாங்க என்று கூப்பிட்டார்.

முனையில் ஒரு ஈ காக்காய் இல்லை.

உள்ளே தெரு பூராவும் சீரியல் பல்பு எரிந்தது. ஜனங்கள் நல்ல துணி உடுத்தி, அவரவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மடியில் மாலை, கையில் மெழுகுத்திரி. யாரும் எழுந்திருக்கவில்லை. பேண்டுக்காரர்கள் ஒரு பாட்டை முடித்துவிட்டு, அடுத்தது வாசிப்பதா வேண்டாமா என்று முழித்தார்கள்.

சேவியர்ராஜ் மைக்கை இறக்கினார். பக்கத்தில் மெழுகுத்திரியோடு நின்ற மருமகளிடம் சாய்ந்து கேட்டார்.

"இது அந்தப் புஸ்தகத்துல வர்ற எடம்தானேம்மா?"

"ஆமாம் மாமா."

"அதுல நாம யாரு?"

அத்தனை நாளும் அழுதாரே, பாலத்தருகே நின்ற ஜனங்களாகவே தன்னை நினைத்து அழுதவர் அவர். சில்வியாவுக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. கையிலிருந்த மெழுகுத்திரியோடு தெருவுக்குள் நடந்தாள். நேராக லூர்துமேரி வாசலில் போய் நின்றாள்.

லூர்துமேரி எழுந்து தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளினாள்.

"நீ வருவேன்னு தெரியும் சில்வி. நீ எப்பவும்தான் வர்ற. மாதா வரலியே."

சில்வியாவுக்குச் சுருக்கென்றது. தான் ஒருத்தி வந்தால் போதும் என்று எங்கோ மனசு கணக்குப் போட்டிருந்ததை நினைத்து வெட்கமாயிருந்தது. நாற்காலியில் உட்காராமல் திரும்பி முனைக்கு வந்தாள். என்னைக் கூப்பிடல மாமா, மாதாவைத்தான் கூப்பிடறாங்க என்றாள்.

சேவியர்ராஜ் தேரைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், கமிட்டி ஆட்களைப் பார்த்தார். கமிட்டியில் இரண்டு பேர், நேரமாவுது, நடையைக் கட்டுங்க என்றார்கள். தாங்குகட்டையை எடுத்துத் தேரைத் தோளில் ஏற்றினார்கள்.

"திருப்புங்கப்பா," என்றார் அவர். வருஷா வருஷம் சொல்லிப் பழகின வாய்.

விக்டர் அசையவில்லை. வீட்டில் குழம்பிலிருந்து தலை தூக்காதவன், இப்போது அப்பாவை நேராகப் பார்த்தான்.

"எந்தப் பக்கம்ப்பா?"

அந்த முனையில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. பாரம் தோளை அழுத்த, தேர் லேசாக ஆடிக்கொண்டு நின்றது. கமிட்டி ஆட்கள் ரெண்டு பேரும் கோயிலைப் பார்த்து நடந்துவிட்டார்கள். சேவியர்ராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். அழுகையா வேர்வையா, சில்வியாவுக்குத் தெரியவில்லை. அப்புறம் காலனித் தெருப் பக்கம் கையை நீட்டி, எல்லார் காதிலும் விழும்படி அதட்டலாகச் சொன்னார்.

"ஒயரைப் பாத்துப் போங்க."

தேர் உள்ளே நுழைந்தது. வாசல்களில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒயர் எங்கேயோ மேலே இருந்தது.