இழுத்தபடி கிடந்த நாற்காலி

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்? பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்கள் எல்லாப் பொத்தான்களையும் குத்து குத்தென்று குத்திவிட்டு, வெளியே வந்ததும் "இவ்வளவு நேரமா?" என்று என்னைத்தான் முறைப்பார்கள். அவர்கள் போன பிறகு மொட்டை மாடி மோட்டார் அறையில் நான் தனியாக நிற்பேன். அந்தத் தனிமை பழகிவிட்டது. வீட்டில் இருக்கிறதே, அதுதான் பழகவில்லை.

மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. சாப்பாட்டு மேசையில் எங்களுக்கென்று இரண்டே நாற்காலிகள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் அவள் தன் நாற்காலியை எப்படி இழுத்துவிட்டு எழுந்தாளோ, அது அப்படியே கிடக்கிறது. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குவேன். அக்கா வந்தாலும் அதில் உட்கார விடமாட்டேன். நானும் மேசைப் பக்கம் போவதில்லை. அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாக நின்றபடியே எதையாவது விழுங்கிவிட்டு, தட்டை அங்கேயே கழுவி வைத்துவிடுவேன். வேலை மிச்சம்.

நாய் யோசனை அக்காவுடையது. "உன்கிட்ட பேசறது கிணத்துல கல்லு போட்ட மாதிரி இருக்குடா. ஒரு நாயையாவது கொண்டாந்து வச்சுக்கோ. அது கேக்கறதுக்காவது பதில் சொல்லுவ."

"நாய் என்ன கேக்கும்?"

"வெளிய போலாமான்னு கேக்கும். நாங்க கேட்டாதான் நீ வரமாட்டேங்கறியே."

தெருவிலிருந்து மீட்ட நாய்களுக்குக் காப்பகத்தில் இடம் போதாதாம். நிரந்தரமாக ஒரு வீடு அமையும்வரை சில குடும்பங்களிடம் விட்டு வைப்பார்களாம். எனக்கென்று சொன்ன நாய் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அம்மாவின் வீட்டில் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்தது. எதையும் யோசித்து யோசித்துச் செய்யும் என்பதால் மந்திரி என்று பேர்.

நான் போனபோது அந்த வீடே மேசையைச் சுற்றி உட்காரப் போய்க்கொண்டிருந்தது. கணவர், மாமியார், பிள்ளைகள் என்று ஒரே இரைச்சல். "வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம் கூட்டிட்டுப் போங்க" என்றார் டிரைவரம்மா. "வேலை இருக்குங்க" என்றேன். ஒரு வேலையும் இல்லை. அத்தனை பேர் நடுவில் உட்கார எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். வாசலில் நின்றபடியே கயிற்றை வாங்கிக்கொண்டேன். மந்திரி தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது.

காப்பகத்தில் முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் பார்ப்பார்கள். நாய் ஒட்டவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மந்திரியைக் கேட்டு இன்னொரு குடும்பமும் காத்திருந்தது.

மந்திரி சாப்பிடவில்லை. கிண்ணத்தில் போட்டதை மோந்து பார்க்கும், அடுப்படியில் நிற்கிற என்னைப் பார்க்கும், போய்ப் படுத்துக்கொள்ளும். முட்டை வேகவைத்துப் போட்டேன். கோழி வாங்கி எலும்பெடுத்துப் போட்டேன். நான் வேலைக்குப் போன பிறகு பசி தாங்காமல் ஏதோ கொஞ்சம் கொறித்திருக்கும், அவ்வளவே. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. "துரைக்கு இன்னும் என்ன வேணும்? வாழை இலை போட்டுப் பரிமாறணுமா?" என்று கத்தினேன். அது வாலை ஒடுக்கிக்கொண்டு மேசைக்கடியில் போய்ப் படுத்தது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. என்னோடு ஒரு நாய்கூட இருக்காது போலிருக்கிறதே என்று நினைத்தேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்த வீட்டுக்குள் தனியாக நுழைவதை நினைக்கவே பயமாக இருந்தது.

வாரம் முடியப் போகிற சமயம், வெட்கத்தை விட்டு டிரைவரம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

"நீங்க சாப்பிடும்போதுதானே அதுக்கும் வைக்கறீங்க?"

"ஆமா."

"எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?"

"நான் எங்க சாப்பிட்டா என்னங்க? சாப்பிடாதது நாய்!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நானே இறங்கி வந்தேன். "உக்கார்றதில்லைங்க. நின்னுக்கிட்டேதான்."

பிள்ளைகளை அதட்டி அடக்கினார். பிறகு சொன்னார்: "வந்த புதுசுல எல்லார் தட்டுலயும் பாயும்ங்க. அதனால பழக்கினோம். எங்க வீட்டுல கடைசி ஆள் உக்கார்ற வரைக்கும் யாரும் சாப்பாட்டுல கை வைக்கக்கூடாது. அதுக்கும் அதே சட்டம்தான். நீங்க உக்காரலைன்னா இன்னும் சாப்பாட்டு நேரம் வரலைன்னு நினைச்சுக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆங், இன்னொண்ணு. யாராவது சாப்பாட்டுக்கு வரலைன்னா அவங்க நாற்காலியை மேசைக்கடியில தள்ளிடுவோம். இழுத்தபடி கிடந்தா ஆள் வந்துட்டிருக்காங்கன்னு அர்த்தம். அது பாட்டுக்குக் காத்துக்கிட்டே இருக்கும்."

போனை வைத்துவிட்டு அவள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் மேசையைத் துடைத்தேன். ரொட்டியும் முட்டையும் தட்டில் வைத்து, என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பழைய நாற்காலி, கிறீச்சென்றது. கிண்ணத்தைக் காலடியில் வைத்தேன். மந்திரி எங்கிருந்தோ விருட்டென்று வந்து கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது. வாயில் எச்சில் ஊறுகிறது, ஆனால் குனியவில்லை. என்னைப் பார்த்தது. எதிரே இழுத்தபடி கிடந்த நாற்காலியைப் பார்த்தது. பிறகு வாசலைப் பார்த்தது.

நானும் பார்த்தேன். இந்த இரண்டு வருடமாக நான் செய்துகொண்டிருந்ததும் அதுதான்.

"சாப்பிடுடா" என்றேன். அசையவில்லை. "சாப்பிடேன்டா, தயவு செஞ்சு." வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

எழுந்தேன். அவள் நாற்காலியின் முதுகில் கை வைத்தேன். கையெல்லாம் தூசி ஒட்டியது. ஆளோடு நின்றுபோன லிஃப்டைக் கையாலேயே ஏற்றி இறக்கியிருக்கிறேன், இந்த நாற்காலி நகர மாட்டேன் என்றது. அது நகராமல் இல்லை, எனக்குத்தான் மனசு வரவில்லை. கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. ஒரு வழியாக மெல்லத் தள்ளினேன். மேசைக்கடியில் போய் முட்டி நின்றது.

"அவ வரமாட்டாடா" என்றேன். அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அக்காவிடம்கூட. "நாம ரெண்டு பேர்தான்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மந்திரி ஒருமுறை மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குனிந்தது. தலையைத் தூக்காமல் தின்றது. கிண்ணத்தை நக்கி நக்கிச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போனது.

எனக்குத்தான் முதல் வாய் இறங்க நேரமாயிற்று.