ஜாரில் முளைத்த பால் பற்கள்

மிக்ஸி ரிப்பேர்க்காரர் வீட்டுக் குழந்தைக்கு வரவேண்டிய முதல் பல், குழந்தையின் வாயில் வராமல், சமையலறை மிக்ஸியின் சின்ன ஜாருக்குள் முளைத்தது. பிளேடுக்குக் கீழே, ரப்பர் வாஷரை ஒட்டி, அரிசி முனை மாதிரி வெள்ளையாக எட்டிப் பார்த்தது. முதலில் கண்டவள் அவர் மனைவி. ஜாரைக் கழுவும்போது விரலில் ஏதோ உறுத்த, முட்டை ஓடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. மறுபடி சுரண்டினாள், மறுபடி வீறிட்டது. மூன்றாம் தடவை சுரண்ட அவளுக்கு மனசு வரவில்லை. ஜாரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, கடையாக இருந்த முன்னறைக்குப் போய்க் கணவரிடம் நீட்டினாள்.

இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவர் ஜாருக்குள் என்னென்னவோ பார்த்தவர். மோதிரம், பாதி ஸ்பூன், ஒரு தடவை முழுசாக ஒரு பல் செட். ஆனால் அதெல்லாம் யாரோ தவறிப் போட்டவை. இதற்கு வேர் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார், வாஷரைக் கழற்றிப் பார்த்தார், கடைசியில் துணியால் மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு, "பால் பல்தான்" என்றார், கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரலில். "பெத்தது நான், பல் முளைக்கிறது உங்க மிக்ஸிக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் விம்மி விம்மி அழுதாள்.

குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். பிறக்கும்போது உள்ளங்கையில் அடங்குகிற அளவு இருந்ததால் கடுகு என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. ஆறாம் மாதத்தில் திட உணவு ஆரம்பியுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவரும் ஆரம்பித்தார், ஆனால் அதில் திடம் மட்டும் இல்லை. வெந்த சாதம், கேரட், உருளைக்கிழங்கு, பேரிக்காய், எது வந்தாலும் மூன்று சுற்று அரைப்பார். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டுவார். ஒரு சொட்டைத் தட்டில் விட்டுத் தட்டைச் சாய்ப்பார். ஐந்து எண்ணுவதற்குள் அது கீழே ஓடி வராவிட்டால் திரும்ப அரைப்பு. கையில் ஊரே மெச்சும் அரைக்கிற வித்தை இருக்க, பிள்ளை ஏன் மென்று கஷ்டப்பட வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பல் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு வயது முடிவதற்குள் நாலு. கீழ்ப் பல் இரண்டும் ஜாரின் அடியில், மேல் பல் இரண்டும் மூடியின் உட்புறத்தில், முறை தவறாமல். பல் வெளிவரும் வாரங்களில் ஜார் லேசாகச் சுடும், கவிழ்த்து வைத்தாலும் ஓரத்தில் எச்சில் வழியும். கடுகின் கழுத்துத் துணியோ காய்ந்தே கிடக்கும். மின்சாரம் போன மத்தியானங்களில், தெரு முழுக்க மிக்ஸியும் விசிறியும் ஓய்ந்து கிடக்கும்போது, சமையலறையிலிருந்து ஜார் தானாக மெல்லுகிற சத்தம் கேட்கும். அவசரமே இல்லாத, ஈரமான சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே அக்கம்பக்கத்தில் பலருக்குக் கண் சொக்கியது. மற்றபடி தெருக்காரர்கள் இதை ஒரு சேதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதம் குழாயில் தண்ணீர் வராததுதான் பெரிய பேச்சாக இருந்தது.

பிறகு கடுகுக்குக் கூழ் அலுத்துப்போனது. ஊட்ட ஊட்டத் துப்பினாள். அவர் ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்த்தார், மறுவாரம் இரண்டு, அப்புறம் எண்ணிக்கையே போய்விட்டது. தூங்க வைக்கவும் அதையே நீர்க்கக் கரைத்து பாட்டிலில் கொடுத்தார். மூடியிலிருந்த மேல் பல்லில், ஈறு இருக்கவேண்டிய இடத்தை ஒட்டி, சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு விழுந்து, மெல்லப் பழுப்பாயிற்று. ஒருநாள் காலை கடுகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தவள் மத்தியானம் வரை நிறுத்தவில்லை. பல் இருந்தது ஜாரில், வலி இருந்தது குழந்தையிடம். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் ஜார் வைத்த பையோடு அவரும் மனைவியும் பல் டாக்டரிடம் ஓடினார்கள்.

பல் டாக்டர் நடுவயதுப் பெண்மணி, எதற்கும் அசராதவர். கடுகின் ஈறைத் தடவிப் பார்த்தார், ஜாரையும் அதே பெரிய நாற்காலியில் சாய்த்து விளக்கைத் திருப்பினார். "வேலை எங்க நடக்குதோ பல் அங்க போயிருக்கு. இதுல என்ன ஆச்சரியம்?" என்றார். பழுப்புக் கோட்டின் மேல் ஏதோ மருந்தைத் தடவி, இது ஆரம்பம்தான், சர்க்கரையை நிறுத்தினால் இதோடு நிற்கும் என்றார். பாட்டிலோடு தூங்க வைக்கக் கூடாது, சாப்பிட்டதும் ஒரு வாய் தண்ணீர், காலையும் இரவும் அரிசி அளவு பேஸ்டில் துலக்கல், வாய் என்றாலும் ஜார் என்றாலும். அப்புறம் அவரை நேராகப் பார்த்தார். "அரைக்கிறதை நிறுத்துங்க. விரல்ல நசுக்கினா நசுங்கற மாதிரி வேகவச்சு, விரல் நீளத்துக்குக் கையில கொடுங்க. நிமிர்ந்து உட்காரட்டும், நீங்க பக்கத்துலயே இருங்க. இருபது பல்லும் இதுக்கே போயிட்டா உங்க பொண்ணு ஸ்கூலுக்கு மிக்ஸியைத் தூக்கிட்டா போவா?"

அவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து அரைத்தார். சர்க்கரை மட்டும்தான் நின்றது. "சொன்னா கேக்கணும், இல்ல சொந்த புத்தி இருக்கணும்" என்று சொன்ன மனைவி அதற்குப் பிறகு பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், கொஞ்சமும் அடங்காத குரலோடு, அவருடைய தங்கை வந்து இறங்கினாள்.

தங்கை பஸ் கண்டக்டர். அவள் விசில் ஊதியதே கிடையாது, வாயால் சொன்னாலே டிரைவர் மட்டுமல்ல, எதிரே வருகிற வண்டியும் நின்றுவிடும். சோடா மூடியைப் பல்லால் திறப்பாள். அண்ணி சொல்லி முடிக்கும்வரை ஜாரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள், கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, அறிவிருக்கா உனக்கு? ஊரான் வீட்டு மிக்ஸிக்கெல்லாம் என்ன கோளாறுன்னு சொல்றே. உனக்கு என்ன கோளாறு?"

அவர் கையிலிருந்த மோட்டார் ஆர்மேச்சரைக் கீழே வைத்தார். முப்பத்தைந்து வருஷமாக வாய்க்குள்ளேயே இருந்த விஷயம் அன்று வெளியே வந்தது. அவருக்கு ஒன்பது வயது, தங்கைக்குப் பத்து மாதம். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அவர் ஆப்பிள் தின்றுகொண்டிருக்க, குழந்தை கையை நீட்டியது. ஒரு துண்டு கடித்துக் கொடுத்தார். குழந்தை சத்தமே போடவில்லை, அதுதான் கொடுமை. முகம் நீலமாகிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கவிழ்த்துப்போட்டு முதுகில் தட்ட, துண்டு வெளியே வந்து விழுந்தது. தரையில் கிடந்ததைக் குழந்தை எடுத்துத் தின்றுவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். "நான்தான் கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, பெரிய மனிதர், தங்கை முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தங்கை ஸ்டூலை விட்டு எழுந்தாள். பிறகு அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். "என் தொண்டையில இருந்து அன்னிக்கே போயிடுச்சுண்ணே. நீ எதுக்கு இத்தனை வருஷம் வச்சிருக்கே? துப்பு!" அவருக்கு இருமல் வந்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் முட்ட, உள்ளங்கையில் வந்து விழுந்தது கட்டைவிரல் நகம் அளவு ஒரு ஆப்பிள் துண்டு. தோல் சிவப்பாக, சதை வெள்ளையாக, இப்போதுதான் கடித்தது போல் இருந்தது. அண்ணனும் தங்கையும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அவள் அதைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அண்ணியிடம் காபி கேட்டாள்.

அன்று மாலையே கேரட் வெந்தது. அவரே வேகவைத்தார், விரலில் நசுக்கிப் பார்த்தார், நீளமாக நறுக்கினார். கடுகை நிமிர்த்தி உட்கார வைத்து, மூன்று பெரியவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். அவள் துண்டைப் பிடித்தாள், நசுக்கினாள், காதில் தேய்த்தாள், அப்புறம் வாய்க்குக் கொண்டுபோனாள். ஒரு தடவை குமட்டிக்கொண்டு இருமினாள். அவருக்கு உயிரே போய்விட்டது. கை தானாக நீண்டது. "இருமுதுல்ல, சத்தம் வருதுல்ல, அவளே பாத்துக்குவா" என்று தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கடுகு துண்டை நாக்கால் முன்னே தள்ளி, திரும்ப உள்ளே இழுத்து, பொக்கை ஈறால் மசித்து விழுங்கினாள். விழுங்கிவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.

ஒன்பதாம் நாள் ஊட்டிக்கொண்டிருந்தவர், "ஐயோ!" என்று கத்தினார். ஆள்காட்டி விரலில் சின்னதாக இரண்டு பள்ளம். ஓடிப்போய் ஜாரைப் பார்த்தார், அடியில் இரண்டு குழிதான் இருந்தது. "கடிச்சுட்டா! என் பொண்ணு என்னைக் கடிச்சுட்டா!" என்று விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினார். விரல் வீங்கியிருந்தது, அதற்கு மருந்து போடவும் விடவில்லை. மேல் பற்கள் மறுமாதம் இடம் மாறின, பழுப்புக் கோடு உட்பட. அந்தக் கோடு மருந்துக்கும் தண்ணீருக்கும் துலக்கலுக்கும் கட்டுப்பட்டு அங்கேயே நின்றது. மீதிப் பதினாறும் வழி தெரிந்துகொண்டு நேராகக் கடுகின் வாய்க்கே வந்தன.

ஜார் மட்டும் பழக்கத்தை விடவில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அதுவும் அலமாரியில் வெறும் வாயை மென்றுகொண்டிருக்கும். பார்க்கப் பாவமாக இருந்ததால் அதற்கும் ஒரு பங்கு வைக்க ஆரம்பித்தார்கள். கடுகுக்கு ஏழு வயதானபோது அந்த வேலை அவளுடையது. முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு, வெந்த கேரட்டை முள்கரண்டியால் அழுத்தி அழுத்திக் கூழாக்கிக்கொண்டிருந்தாள் ஒருநாள். பல் இல்லாத ஜார், தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று அவளுக்குப் பயம்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "ரொம்ப மசிக்காதம்மா. கொஞ்சம் கட்டியாவே போடு. அதுவும் பழகட்டும்."