ஒரே பெயரில் இரண்டு தரப்பு

பொறியியலாளர் சங்கத்தின் சார்பில் நோர்வேப் பாராளுமன்றக் குழுவின் முன்னால் கிருஷ்ணகுமாரி பேசுவாள் என்று முடிவான அதே கிழமை, சிறு ஒப்பந்தகாரர் சங்கம் அவளுடைய கணவன் பரமநாதனைத் தன் பேச்சாளராகத் தெரிவுசெய்தது. இரண்டு செய்தியும் ஒரே சாப்பாட்டு மேசையில் வெளிவந்தன. பரமநாதன் இடியப்பத்தைச் சொதியில் குழைத்தபடி, "அப்ப ஒரே ரெயினிலை போகலாம்" என்றான்.

விடயம் இதுதான். அந்த 2008ஆம் ஆண்டு புதிய கட்டடச் சட்டம் பாராளுமன்றத்தில் இருந்தது. அதுவரை, கட்டியவர் தன் வேலையைத் தானே சரிபார்த்ததாக எழுதிக் கொடுத்தால் போதும். இனிமேல் சம்பந்தப்படாத, தகுதிபெற்ற ஒரு பொறியியலாளரும் கணக்கைப் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று அவளுடைய சங்கம் கேட்டது. ஒரு பல்கனிக்கு இத்தனை பேர் கையெழுத்து வைத்தால் பல்கனியில் நிற்க இடமிருக்காது என்று அவனுடைய சங்கம் சொன்னது.

கிருஷ்ணகுமாரி துரொண்ட்ஹைமில் பொறியியல் படித்தவள். ஒஸ்லோவில் ஒரு நிறுவனத்தில் பாலங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கணக்குப் பார்த்தாள். பரமநாதனுக்கு ஒஸ்லோவுக்குப் பக்கத்து லில்லெஸ்ட்ரோமில் சொந்தமாக ஒரு சின்னக் கம்பனி. பல்கனி, கராஜ், வீட்டோடு சேர்த்துக் கட்டும் அறைகள். அவனுடைய வரைபடங்களைக் கல்யாணம் முடித்த காலத்திலிருந்தே அவள்தான் பார்த்துக் கொடுத்தாள். இருவரும் அதை ஒரு வேலையாக நினைத்ததில்லை. சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பதைப் போல அது நடந்துகொண்டிருந்தது.

குழுவின் விசாரணை முடியும்வரை வீட்டில் சட்டத்தைப் பற்றிக் கதைப்பதில்லை என்று ஒப்பந்தமாயிற்று. ஆகவே மழையைப் பற்றிக் கதைத்தார்கள். ஒஸ்லோவில் இலையுதிர்காலத்து மழைக்குக் குறைவில்லை.

விசாரணை நாளன்று காலை பரமநாதன், மருமகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டுக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். ரயிலில் எதிரெதிரே இருந்தார்கள்.

"நீர் என்ன சொல்லப்போறீர்?"

"அங்கை வந்து கேளுங்கோ."

"நான் முதலிலை கதைச்சால்?"

"அப்ப நான் இருந்து கேக்கிறன்."

பாராளுமன்ற வாசலில் பெயர் பார்த்த செயலாளர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். யாழ்ப்பாண வழக்கப்படி பரமநாதன் தகப்பன் பெயரை முன்னால் வைத்துத் தர்மலிங்கம் பரமநாதன் என்று எழுதுவான். அவள் புருசன் பெயரைப் பின்னால் வைத்துக் கிருஷ்ணகுமாரி பரமநாதன். நோர்வேக்காரருக்கு இரண்டும் பரமநாதன் குடும்பம். பெயர் தவறுதலாக இரண்டு தடவை பதிவாகிவிட்டது என்று நினைத்துச் செயலாளர் ஒன்றை எடுத்துவிட்டாராம்.

"யாரை எடுத்தீர்கள்?" என்று கிருஷ்ணகுமாரி கேட்டாள்.

"அது எனக்கும் தெரியவில்லை. இருவரையும் சேர்த்து ஒருவராக்கிவிட்டேன்."

குழுத் தலைவி நிதானமான மனுஷி. அடுத்ததாகத் தீயணைப்புப் படையினர் காத்திருப்பதாகவும், ஒருவருக்கென இருக்கிற நேரத்தை இருவரும் பங்கிடலாமென்றும் சொன்னார். பிறகு, "நீங்கள் ஒரே அமைப்பா?" என்று கேட்டார்.

"இல்லை, ஒரே வீடு" என்றான் பரமநாதன்.

அவன்தான் முதலில் பேசினான். நன்றாகவே பேசினான். சின்ன ஒப்பந்தகாரனுக்குத் தன் வேலை தெரியும், தான் கட்டிய எதுவும் இதுவரை விழவில்லை, காகிதம் கூடினால் கட்டடம் உறுதியாகிவிடாது என்றான். வடக்குப் பக்கத்து உறுப்பினர் ஒருவர், தாடி வைத்த விவசாயி, கையை உயர்த்தினார்.

"உங்கள் கணக்குகளை இப்போது யார் சரிபார்க்கிறார்கள்?"

நாங்களே பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். சட்டப்படி அதுதான் சரியான பதில். அவனுடைய சங்கம் எழுதிக் கொடுத்ததும் அதுதான். கிருஷ்ணகுமாரி முன்னாலிருந்த தண்ணீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அப்படிச் சொன்னால் தன் முகம் எப்படி மாறும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என் மனைவி" என்றான் பரமநாதன். "இவர்தான்."

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. விவசாயி விடவில்லை. "அப்படியானால், ஏற்கனவே நீங்கள் செய்கிற ஒன்றை ஏன் எதிர்க்கிறீர்கள்?"

"செய்வதை நான் எதிர்க்கவில்லை. செய்யச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்."

அவளுக்கு மிஞ்சியது கொஞ்ச நேரம். சுவீடனிலும் ஜெர்மனியிலும் எப்படிச் செய்கிறார்கள் என்று தயாரித்து வந்ததையெல்லாம் மூடி வைத்தாள். அவன்மேல் எரிச்சலாயிருந்தது. அந்தப் பதிலைச் சொன்னதற்காக அவனுடைய கையைப் பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் அது இடமில்லை.

"நீங்கள் அவருடைய வேலையை எப்போதாவது நிராகரித்ததுண்டா?" என்று தலைவி கேட்டார்.

"ட்வெய்ட்டாவுக்குக் கிட்ட ஒரு வீட்டில் பல்கனி. அதைத் தாங்கும் பீம் போதாது என்றேன். பீம் வந்து இறங்கிவிட்டது என்றார். திருப்பி அனுப்புங்கள் என்றேன். என் பெற்றோருக்கு முன்னாலேயே வாக்குவாதப்பட்டோம். கடைசியில் மாற்றினார்."

"ஆகவே இந்த முறை வேலை செய்கிறது?"

"நான் பிடிவாதக்காரி என்பதால் வேலை செய்கிறது. எல்லா ஒப்பந்தகாரருக்கும் பிடிவாதக்காரப் பொறியியலாளரைக் கல்யாணம் செய்துவைக்கச் சட்டத்தால் முடியாது. அதனால்தான் வேறு ஒழுங்கு கேட்கிறோம்."

விவசாயி அதை எழுதிக்கொண்டார். தலைவி நன்றி சொல்லித் தீயணைப்புப் படையினரைக் கூப்பிட்டார்.

வெளியே மழை. பரமநாதன் குடையை விரித்து அவள் பக்கமாகச் சரித்தான்.

"நாங்களே பாக்கிறம் எண்டு சொல்லியிருக்கலாம்தானே" என்றாள்.

"அவர் கேட்டது ஆர் பாக்கிறது எண்டு."

"உங்கடை சங்கத்துக்கு என்ன சொல்லப்போறியள்?"

"தெரியேல்லை. நீர் வெண்டிட்டீர் எண்டு சொல்லுறன்."

"இன்னும் வெல்லேல்லை."

குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு நடந்து போய் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த வருடம் சட்டம் நிறைவேறியது. பெரிய கட்டடங்களுக்கு வெளியார் சரிபார்ப்பு வரும் என்றும், சின்ன வேலைகளை எப்படி நடத்துவதென்று பிறகு பார்க்கலாம் என்றும் ஆயிற்று. இரண்டு சங்கமும் தாம் வென்றதாக அங்கத்தவர்களுக்கு அறிவித்தன. தாடிக்கார விவசாயி சபையில் அவளுடைய கல்யாண வாக்கியத்தைச் சொன்னார். ஒரு நிபுணர் கூறியதாகச் சொன்னார். பரமநாதனைப் பேச்சுக்கு அனுப்புவதை அவனுடைய சங்கம் நிறுத்திக்கொண்டது.

கிருஷ்ணகுமாரி இன்னொன்றையும் முடிவுசெய்தாள். பாராளுமன்றத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு வீட்டில் இன்னொன்றைச் செய்ய அவளால் முடியவில்லை. "இனி நான் பாக்கேல்லை. வேறை ஆளைப் பிடியுங்கோ" என்றாள். அவன் மறுக்கவில்லை. பிலேந்திரன் என்ற பொறியியலாளரைப் பிடித்தான். முதலாவது வரைபடமே, பீம் போதாது என்று சிவப்புப் பேனாவால் கீறித் திரும்பி வந்தது.

"குமாரி, இவன் சொல்லுறது சரியோ? ஒருக்காப் பாருமன்."

"பாத்தால் நான் சரிபாத்த மாதிரி ஆகிடும்."

அவன் வரைபடத்தைச் சுருட்டி வைத்தான். பிறகு போனை எடுத்துப் பெரிய பீமுக்குச் சொல்லிவிட்டான். அந்த மாதம் முழுவதும் அவன் பிலேந்திரனோடு கதைக்கவில்லை. வீட்டில் அவனைப் பற்றி நிறையக் கதைத்தான்.