ரோஸக்கா தையல்

வெள்ளை ஷூத் தோலில் ரத்தம் இருந்தது. ஒரு சொட்டு. தையல் ஓட்டைக்குப் பக்கத்தில்.

பிரிஸ்கில்லா ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். உள்பக்கம் கொஞ்சம் தங்கிவிட்டது. வெளியே தெரியாது. அடுத்ததை எடுத்தாள். அதிலும் இருந்தது.

"அம்மா, கையில ஊசி குத்திச்சா?"

"இல்லியே."

ரோஸ் நிமிரவில்லை. தைத்துக்கொண்டிருந்தாள். இடது கை மோதிர விரலிலிருந்து ரத்தம் மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

மாதனூரை ஒட்டிய அந்த ஊரில் பாதி வீடுகளில் இதே வேலைதான். கம்பெனி பஸ்ஸில் ஏற முடிந்தவர்கள் ஆம்பூருக்குப் போனார்கள். மற்றவர்கள் வீட்டில் தைத்தார்கள். மஹபூப் பாஷா வண்டியில் மூட்டை கொண்டுவந்து போடுவார். மூட்டையில் ஷூவின் மேல்பாகம் ஓட்டை போட்டு வந்திருக்கும். தைக்க இரண்டு ஊசி, வீட்டில் மெழுகு பூசிய நூல். ஒரே ஓட்டைக்குள் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய் வர வேண்டும். இரண்டு கையும் ஒரே அளவு இழுக்க வேண்டும். ஒரு கை தளர்ந்தால் தோல் வாயைத் திறந்துகொள்ளும்.

ரோஸின் தையல் வாயைத் திறந்ததில்லை. பாஷா மற்ற வீடுகளில் அவளுடைய ஜோடியைத் தூக்கிக் காட்டுவார். "ரோஸக்கா தையல் பாருங்கோ. மிஷின் தோத்துப்பூடும்."

இப்போது திறந்திருந்தது. பிரிஸ்கில்லா நகத்தால் நிரடிப் பார்த்தாள். நகம் உள்ளே போனது.

டிசம்பரில் அருணகிரி வந்தார். அரசு சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாகப் போய் உடம்பில் தேமல் பார்க்கிற ஆள். ரோஸின் இடது முழங்கைக்குக் கீழே வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பேனா நுனியால் அங்கங்கே தொட்டார்.

"தொட்டா சொல்லுங்கம்மா."

ரோஸ் கண்ணை மூடியபடி காத்திருந்தாள். அவர் தொட்டார். மறுபடியும் தொட்டார்.

"இன்னும் தொடவே இல்லியே சார்," என்றாள் ரோஸ்.

அருணகிரி பிரிஸ்கில்லாவைப் பார்த்தார். அப்புறம் ரோஸின் முழங்கையின் பின்பக்கத்தை அழுத்தினார். "நரம்பு தடிச்சிருக்கு. வேலூர் வாங்க. மாத்திர சும்மாதான் குடுப்பாங்க. சாப்ட்டா நோய் போயிடும். ஆனா வெரல் மடங்கிடுச்சின்னா மாத்திர அத நிமுத்தாது. அதுக்கு முன்னாடி வந்துடுங்க."

அவர் சைக்கிள் தெருமுனை தாண்டியதும் ரோஸ் திரும்பினாள்.

"தேமலுக்கு யார்னா வேலூர் போவாங்களா?"

"சாப்ட்டா போயிடும்னு சொன்னாரேம்மா."

"எது போயிடும்? அந்தப் பேர உன் வாயால சொல்லு பாக்கலாம்."

பிரிஸ்கில்லா நூலை எடுத்து மெழுகு பூசினாள்.

"உங்க அப்பா வூட்ல காதுல வுழுந்தா இன்னா ஆவும்? உன்னக் கட்டிக்க எவன் வருவான்? அக்சாவ ஸ்கூல்ல எவ பக்கத்துல ஒக்கார வெப்பா?" ரோஸ் தோலை மடியில் இழுத்துக்கொண்டாள். "பாஷா பாய் என் மூட்டயத் திருப்பி அனுப்பட்டும். அன்னிக்கி நானே பஸ் ஏர்றேன். என் கை கெட்டுச்சா இல்லியான்னு பாய்க்குத் தெரியாததா இந்த சைக்கிள்காரனுக்குத் தெரிஞ்சிடும்?"

அம்மா சொன்ன வார்த்தையை மாற்றமாட்டாள். அது பிரிஸ்கில்லாவுக்குத் தெரியும். ஆனால் அதற்குள் அவள் அம்மாவின் ஜோடிகளைப் பிரித்துத் தைக்கத் தொடங்கியிருந்தாள்.

நூலுக்கு மெழுகு பூசுவதும் ஜோடி சேர்த்துக் கட்டுவதும் எப்போதுமே அவள் வேலை. காலையில் அம்மா குழாயடிக்குப் போவாள். அங்கே வரிசை நீளம். அந்த நேரத்தில் வாய் திறந்த தையல்களை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தைப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் தலைவலி என்று படுத்துக்கொண்டு தைப்பாள். அம்மாவின் இழுப்பு அவளுக்கு வந்துவிட்டது. ஐந்து வயதிலிருந்து பார்த்த இழுப்பு.

மூட்டை திரும்பினால் அடுத்த மூட்டை வேறு வீட்டுக்குப் போகும். அப்பா சாந்தகுமார் கான்பூர் லாரியில் வேலைக்குப் போகிறவர். வரும்போது வருவார். மூட்டை நின்றால் அடுப்பும் நிற்கும். அதனால் தைத்தாள். தைத்ததெல்லாம் பாஸானது. பாஸாகப் பாஸாக ரோஸின் முகம் தெளிந்தது.

"பாத்தியா? தேமல்தான் அது."

ஒரு மாலை தங்கை அக்சா தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு வயது. "எங்க அம்மாக்கு சுடவே சுடாது! சோத்துப் பானைய வெறுங்கையால தூக்குவாங்க!"

எதிர்வீட்டு ஃபரீதா சிரித்தாள். "உங்க அம்மா இன்னா, மாரியாத்தா கோயில்ல தீ மிதிக்கப் போறாங்களா?"

"நாங்க சிஎஸ்ஐ சர்ச்!" என்றாள் அக்சா.

பிரிஸ்கில்லா உள்ளே ஓடினாள். ரோஸ் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். இடது உள்ளங்கை பானையின் கழுத்தில் ஒட்டியிருந்தது. பிரிஸ்கில்லா துணியால் பானையைப் பிடுங்கினாள். உள்ளங்கையில் கொப்புளம் எழுந்திருந்தது.

"வலிக்கலியே," என்றாள் ரோஸ். அதை நல்ல செய்தியாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து சோறு வடிப்பது பிரிஸ்கில்லா. அக்சாவுக்குத் தலை பின்னுவதும் அவள். பள்ளியில் பரீட்சை நடந்தது. எழுதினாள்.

அப்பா ஒரு நாள் வந்தார். கறி எடுத்துவந்தார். சாப்பிட்டார், தூங்கினார். கிளம்பும்போது பிரிஸ்கில்லா பையைத் தூக்கிக்கொண்டு ரோடுவரை போனாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கையில..."

"நைட்டும் பகலும் தெச்சா கை வலிக்காம இன்னா பண்ணும்? தைலம் தேச்சி வுடு." அவள் தலையில் கை வைத்தார். "நீ இருக்கிறதாலதாம்மா நான் நிம்மதியா வண்டியில இருக்கேன்."

லாரி வந்தது. ஏறிப்போனார்.

ஏப்ரலில் ரோஸின் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்து நின்றது. நேராக்கினால் நேராகும். விட்டால் வளையும். அதைப் பார்த்த அன்று பிரிஸ்கில்லா முடிவு செய்தாள். அந்த மூட்டையில் எதையும் தொடவில்லை. அம்மா தைத்ததை அப்படியே ஜோடி சேர்த்துக் கட்டினாள். பாஷா எடுத்துப்போனார்.

மூட்டை திரும்பும். அம்மா பஸ் ஏறுவாள். அப்புறம் வேலை இல்லாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம். கம்பெனி பஸ்ஸில் தானே போகலாம். பதினாறு வயதை யாரும் கேட்கமாட்டார்கள். அப்படித்தான் நினைத்தாள்.

மறுவாரம் கடைக்குப் போய்த் திரும்பியபோது வாசலில் பாஷாவின் வண்டி நின்றது. மூட்டை பிரித்துத் தரையில் கொட்டிக் கிடந்தது. பாஷா ஒரு ஜோடியைக் கையில் வைத்து வாயைப் பிளந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா வா. உனக்காகத்தான் ஒக்காந்துருக்கேன். இன்னா வேல பண்ணி வெச்சிருக்கே?"

பிரிஸ்கில்லாவுக்குப் புரியவில்லை.

"செக்கிங்ல மூஞ்சில வுட்டெறிஞ்சான். முழு மூட்டையும் ரிஜெக்ட். எனக்கு எவ்ளோ பேஜார் தெரியுமா?" ரோஸிடம் திரும்பினார். "அக்கா, உங்க கைய எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா பாக்குறேன். இது உங்க தையலா? சின்னப்புள்ள தையல் இது. ஒரு பக்கம் இழுத்திருக்கு, ஒரு பக்கம் வுட்டிருக்கு. போன மூட்ட பாருங்கோ, முத்து முத்தா இருந்திச்சி. அதான் ரோஸக்கா கை. படிக்கிற புள்ள படிக்கட்டும். டைம் ஜாஸ்தி ஆனாலும் நீங்களே தெய்ங்கோ."

ரோஸ் சிரித்தாள். பல மாதங்களாக அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியாம நீ தெச்சியாடி? சொன்னா நானே காட்டிக் குடுத்திருப்பேன்ல."

"அது நீ தெச்சதும்மா."

பாஷா தொடையில் தட்டினார். "கேட்டீங்களா? பழிய அம்மா மேலயே போடுது. ஆள் கெட்டிதான்."

அவர் போனதும் பிரிஸ்கில்லா கதவைச் சாத்தினாள். சொன்னாள். இந்த மூட்டை முழுக்க நீ தைத்தது. பாஸானதில் வாய் திறந்ததையெல்லாம் நான் அறுத்துத் தைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து.

"பொய்."

"இப்போ ஒண்ணு தெய்யும்மா. என் எதுர்ல தெய்."

ரோஸ் தைத்தாள். மெதுவாக, உதட்டைக் கடித்துக்கொண்டு. இடது கையில் நூல் நிற்கவில்லை, வழுக்கியது. மூன்றாவது தையலில் தோல் திறந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"மெழுகு கம்மி," என்றாள் ரோஸ். "நீ பூசுனதுதானே."

அதன்பிறகு மெழுகையும் அவளே பூசினாள். மூட்டையைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஜோடி கட்ட அக்சாவைக் கூப்பிட்டாள். குழாயடிக்குப் பிரிஸ்கில்லாவை அனுப்பினாள். "நீ தொட்டாதான் கெடுது," என்றாள்.

பாஷாவிடம் உண்மையைச் சொல்லிவிட பிரிஸ்கில்லா ஒருநாள் மாதனூருக்கு நடந்து போனாள். பாஷா டீக்கடை வாசலில் மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார். அவரைச் சுற்றிப் பெண்கள். தன் வீட்டில் என்ன நோய் என்று தெரிந்தால் இவர்களில் ஒருத்தியும் அங்கிருந்து வந்த தோலைத் தொடமாட்டாள். சொல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் புரியாது.

"இன்னா பாப்பா?"

"ஒண்ணுமில்ல பாய். அம்மா நூல் கேட்டாங்க."

நூலை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

அடுத்த மூட்டையை முடிக்க ரோஸுக்கு ஜூன்வரை ஆனது. அதுவும் திரும்பியது. பாஷா இந்தமுறை யாரையும் திட்டவில்லை. ரோஸின் கையைப் பார்த்தார். ரோஸ் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "உடம்பப் பாத்துக்கோங்க அக்கா," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பிறகு அவர் வண்டி எதிரே ஃபரீதா வீட்டோடு நின்றது; இந்த வீட்டுக்கு மூட்டை வரவில்லை.

அந்த வாரம் முழுக்க ரோஸ் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு காலை தலை வாரிக்கொள்ள முயன்றாள். சீப்பு இரண்டுமுறை விழுந்தது. பிரிஸ்கில்லா எடுத்து வாரிவிட்டாள்.

"வேலூருக்கு எந்த பஸ்ஸுல போவணும்?" என்று கேட்டாள் ரோஸ்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். திட்டைத் தொட்டுப் பார்த்தார். முழங்கையை அழுத்தினார்.

"எப்பத்துலர்ந்து மரத்துப்போச்சு?"

"இப்போதாங்க. இந்த மாசம்தான்."

டாக்டர் பிரிஸ்கில்லாவைப் பார்த்தார்.

"டிசம்பருக்கு முன்னாடியிலர்ந்து," என்றாள் பிரிஸ்கில்லா.

அது ஜூலை. டாக்டர் அதைச் சீட்டில் எழுதினார். பிறகு பொறுமையாகச் சொன்னார். நோய் மாத்திரையில் போய்விடும். மாத்திரையைத் தொடங்கிவிட்டால் வீட்டில் யாரும் பயப்பட வேண்டாம். சின்ன மகளைக் கூட்டிவந்து ஒருமுறை காட்டுங்கள். நரம்புக்குத் தனியாக மாத்திரை உண்டு. முயன்று பார்க்கலாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

"தெக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள் ரோஸ்.

"வெரல நீட்டுங்க, பாக்கலாம்."

ரோஸ் கையை மேசைமேல் வைத்து நீட்டினாள். மூன்று விரல்கள் நீண்டன. மோதிர விரலும் சுண்டுவிரலும் வளைந்தே நின்றன. அவள் தோளை உயர்த்தினாள். நெற்றியில் நரம்பு புடைத்தது. விரல்கள் அசையவில்லை. அவள் திரும்பி மகளைப் பார்த்தாள்.

பிரிஸ்கில்லா குனிந்து அந்த இரண்டு விரல்களையும் பிடித்து நேராக்கினாள். நேராக வைத்துக்கொண்டாள்.

"நீ விடும்மா," என்றார் டாக்டர்.

அவள் விடவில்லை.

"விட்டாதான் வெரல் தானா நிக்குதான்னு எனக்குத் தெரியும்."

விட்டாள்.