குட்டைக்கு முன்னால் ஒரு போட்டோ

பொன்னுராஜ் செய்த குற்றம், மழைக்கு முன்னால் குட்டை வெட்டியது. பிறகு எப்போது வெட்டுவார்களாம் என்று யாரும் கேட்கலாம். கேட்பது சுலபம், பதில் சொல்லத்தான் ஆள் கிடையாது.

ராஜபாளையத்து மில்லில் பஞ்சுத்தூசியைக் குடித்துக் குடித்து நெஞ்சு கெட்டு, இனி ஒரு நாளும் அங்கே கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, அவனுக்கு மிச்சமிருந்தது தேவதானத்துச் செம்மண் நிலம், அந்தச் செவக்காடு ஒன்றுதான். தோட்டக்கலைத் துறையில் இலவசமாகக் கொடுத்த மாங்கன்றுகளை அதில் நட்டிருந்தான். எல்லாம் ராஜபாளையத்துச் சப்பட்டை ரகம், ஒட்டுக்கன்று. முதல் கோடையைத் தாண்டிவிட்டால் அப்புறம் வேர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு கோடைக்குத்தான் தண்ணீர் வேண்டும். போர்வெல் எப்போதோ காற்றைத் துப்ப ஆரம்பித்திருந்தது.

அதற்காகத்தான் பண்ணைக்குட்டைத் திட்டத்தில் எழுதிக்கொடுத்தான். வெட்டுக்கூலியும் அரசாங்கம், அடியில் விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட்டும் அரசாங்கம். செவக்காட்டில் ஷீட் இல்லாத குட்டை தை மாதத்துக்குள் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடும். ஷீட் இருந்தால் சித்திரை வரை நிற்கும். ஆடியில் எழுதிக்கொடுத்தது, புரட்டாசி முடிந்தும் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. பக்கத்துக் காட்டுக்கு ஜேசிபி வந்தது. கையோடு இங்கேயும் வெட்டிப்போட்டுவிட்டால் ஆபீஸ்காரர்களுக்கு வேலை மிச்சம்தானே என்று நினைத்தான். பாவி மனுஷன், அவர்களுக்கு நல்லது செய்வதாக நினைத்தான்!

ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. மலையிலிருந்து தண்ணீர் இறங்கி, ஒரே வாரத்தில் குட்டையில் இடுப்பளவு நின்றது. அவன் மனைவி பரிபூரணம் கரையில் மஞ்சள் தெளித்து, அந்தத் தண்ணீரிலேயே பொங்கல் வைத்தாள். புதுத் தண்ணீர் நின்றால் அப்படிச் செய்வதுதான் அவள் வீட்டு வழக்கம். பொன்னுராஜ் அன்றைக்கு இருமாமல் சிரித்தான்.

கார்த்திகை பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஸ்ரீப்ரியா வந்தாள். வேளாண் பொறியியல் துறையில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண், நல்ல பெண். குட்டையைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று.

“ஐயோ அண்ணாச்சி, வெட்டிட்டீங்களா? வெட்டுறதுக்கு முன்னால வெறும் நிலத்தை ஒரு போட்டோ எடுக்கணும். அது கம்ப்யூட்டர்ல ஏறுனாத்தான் ஆர்டர் வரும்.”

“குட்டைதான இருக்கே மேடம். ஷீட்ட மட்டும் குடுத்துருங்க.”

“ஷீட்டு தனியாத் தர முடியாது. ஏற்கெனவே குட்டை இருந்தா திட்டத்துல வராது.” சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “மூடிருங்க. நான் போட்டோ எடுத்துக்கிறேன். ஆர்டர் வந்ததும் மறுபடி வெட்டிக்கலாம்” என்றாள்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே உதவி அதுதான்.

பரிபூரணம் ஒற்றைக்காலில் நின்றாள். “தண்ணி நின்ன குழிய மூடப்பிடாதுங்க. பொங்க வச்ச தண்ணி. வேண்டாம், சொன்னாக் கேளுங்க.”

“ஏட்டி, ரெண்டு வாரம் பொறுத்துக்கோ. ஷீட்டோட வெட்டிருவோம். மழை எங்கயும் போயிராது.”

“மழைக்கு ஆரு ஆர்டர் போட்டா?” என்றாள். பதில் இல்லாதவன் செய்வதைச் செய்தான், கோபப்பட்டான்.

மறுநாள் ஜேசிபி கரையை உடைத்தது. இடுப்பளவு தண்ணீர், செந்நிறமாக, சத்தம் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போயிற்று. பரிபூரணம் பார்க்க வரவில்லை. மண்ணைத் தள்ளி மட்டப்படுத்தியதும் ஸ்ரீப்ரியா வந்தாள். ஈரம் தெரியாத பக்கமாக அவனை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

கார்த்திகை முழுக்க மழை கொட்டியது. மூடிய இடத்தின் மேலே விழுந்து, வழிந்து, ஓடைக்கே போனது. ஆர்டர் வருவதற்கு முன்னால் மண்ணைத் தொட்டால் போட்டோ செல்லாது என்பதால் பொன்னுராஜ் கையைக் கட்டிக்கொண்டு நனைந்தான். மார்கழியில் வானம் வெளுத்துவிட்டது. அதன் பிறகுதான் ஸ்ரீப்ரியா போன் செய்தாள்.

“இந்த வருஷத்து ஒதுக்கீடு முடிஞ்சிருச்சாம் அண்ணாச்சி. நமக்கு முந்தி உள்ளவங்களோட நின்னுபோச்சு.” அவள் அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் நினைத்துக்கொண்டான்.

தையிலிருந்து ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்தார்கள். இரண்டு குடத்துக்கு ஒருமுறை அவன் வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்குவான், அவள் அவன் குடத்தையும் சேர்த்து எடுத்துப் போவாள். மாசியில் ஓரத்துக் கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டன. பங்குனியில் ஊர்க் கிணறும் கைவிட்டது. கடைசிக் கன்று காய்ந்த அன்று பொன்னுராஜ் அதன் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பச்சை இல்லை. அடுத்ததைச் சுரண்டினான். அதற்கும் அடுத்தது. தெரிந்துகொண்டே எல்லாவற்றையும் சுரண்டினான். மறுவாரம் பரிபூரணம் மொத்தத்தையும் பிடுங்கி விறகுக்குக் கட்டினாள்.

சித்திரையில் ஸ்ரீப்ரியா வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணாச்சி, புது வருஷத்துப் பணம் வந்திருச்சு! நீங்கதான் மொத ஆளு. பழைய போட்டோ செல்லாதாம், இன்னொன்னு எடுக்கணும். செத்த நில்லுங்க.”

போனைத் தூக்கிப் பிடித்தாள். அப்போதுதான் அதன் வழியாகக் காட்டைப் பார்த்தாள். கை மெல்லக் கீழே இறங்கியது.

“கன்னெல்லாம் எங்க அண்ணாச்சி?”

பொன்னுராஜுக்கு இருமல் வந்துவிட்டது. பரிபூரணம்தான் பேசினாள். “எடுங்க மேடம். நீங்க கேட்ட வெறும் நெலந்தான். இந்தத் தடவ மூடுறதுக்கு ஒண்ணுமில்ல.”

ஸ்ரீப்ரியா போனை உயர்த்தவும் இல்லை, பைக்குள் வைக்கவும் இல்லை. பொன்னுராஜ் இருமலை அடக்கிக்கொண்டு, போன தடவை அவள் நிறுத்திய அதே இடத்தில் போய் நின்றான்.